எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தால் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அதை வைத்துவிட்டு வரும்வரை தாய்மாமனுக்குக்கூட ஒன்றை நீட்டக் கூடாது. ஹரிதாவின் அப்பா எத்திராஜ் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். நகரியில் அச்சடித்து வாங்கிய கட்டை மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார். மனுஷன் நிலத்துப் பத்திரத்தைக்கூட அப்படிப் பூட்டினதில்லை.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக் கார் பிடித்து மூன்று பேரும் கிளம்பினார்கள். முன்சீட்டில் எத்திராஜ், மடியில் மஞ்சள் மூட்டை. பின்னால் ஹரிதாவும் அவள் அம்மா செங்கம்மாவும், அவர்கள் காலடியில் பொங்கல் பானை, தேங்காய், மஞ்சள் தூள், விறகு. ரேணிகுண்டா தாண்டுவதற்குள் செங்கம்மா கொண்டுவந்த புளிசாதத்தில் பாதி தீர்ந்திருந்தது. திருப்பதிக்கு அப்புறம் சாலை ஓரமெல்லாம் மாங்காய் லாரிகள், மாம்பழக்கூழ் கம்பெனி வாசலில் இடம் கிடைக்காமல் வரிசை கட்டி நின்றன. கார் ஊர்ந்துகொண்டு போனது.

அவர்கள் போகிற ஊர் ராத்திகொண்டா. மலை இறங்கி வந்து முடிகிற இடத்தில் ஒரு சின்ன டவுன். திருமலையில் ரூம் கிடைக்காதவர்கள் வந்து தங்குகிற லாட்ஜுகள், ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு ஏரி. பஸ் ஸ்டாண்டுக்கும் ஏரிக்கும் நடுவில் ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு பாறை. அந்தப் பாறையில் எந்தக் காலத்திலோ யாரோ ஒருவன் ஏழு பெண்களை வரிசையாக உட்கார வைத்துச் செதுக்கிவிட்டுப் போய்விட்டான். அவன் யார், எந்த ராஜா காலத்து ஆள் என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தச் சண்டையெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு அது ஏழு அம்மா பாறை. ஒவ்வொரு வகையறாவுக்கும் அதில் ஒரு அம்மா.

பேர் யாருக்கும் தெரியாது. எண்தான் பேர். 'நாங்க ரெண்டாவது அம்மா', 'அவுங்க ஆறாவது அம்மா' என்றுதான் பேச்சு. ஒரே அம்மாவைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. எந்த ஊரில் இருந்தாலும், முன்னேபின்னே முகம் பார்த்திராவிட்டாலும், அண்ணன் தங்கை முறை. வரன் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் "எத்தனாவது?" என்றுதான் கேட்பார்கள்.

ஹரிதாவைப் பார்க்க வந்த அன்றைக்கும் முரளிதரன், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, அதைத்தான் முதலில் கேட்டார். ஐந்தாவது என்றார் எத்திராஜ். நாங்கள் மூன்றாவது என்றார் முரளிதரன். அதற்கப்புறம்தான் காப்பியே வந்தது.

மாப்பிள்ளை ஹேமநாத்துக்கு சத்தியவேடு பக்கம் ஏசி மெஷின் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. ஹரிதாவுக்கு சச்சிவாலயம் என்கிற ஊர் அரசாங்க ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. நிச்சயம் ஆன நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் போன் வரும். டப்பாவில் என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்றுதான் ஆரம்பிப்பான். தன் அம்மா சமைப்பதைப் பற்றி அவனுக்கு ஒரே பெருமை. எங்கள் வீட்டில் காட்டுப்பன்றிக் கறி வைத்தால் தெருவே மோப்பம் பிடித்துக்கொண்டு வரும் என்றான் ஒருநாள். எங்கள் வீட்டில் அந்தப் பேரையே எடுக்க மாட்டார்கள் என்று இவள் சொன்னதற்கு, நீ வந்ததும் முதல் விருந்தே அதுதான் என்று வம்புக்கிழுத்தான். இவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. பத்து நிமிஷம் போன் வரத் தாமதமானாலும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அவன் இல்லாத ஒரு கல்யாணத்தை இனிமேல் அவளால் நினைத்துப் பார்க்க முடியாது. அதுதான் நிலைமை.

இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் வந்து அவரவர் அம்மாவுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, அங்கேயே சேர்ந்து சாப்பிடலாம் என்று பேசியிருந்தார்கள். காரில் ஹரிதா போனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். செங்கம்மா அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அந்த போன வெச்சிட்டு நான் சொல்றத கேளு. இன்னிக்கி அம்மாவ நல்லா பாத்துக்கோ. தாலி ஏறிட்டா அவ உனுக்கு இல்ல. அவுங்க வூட்டு அம்மாதான் உனுக்கு."

சரிம்மா என்றாள் ஹரிதா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். ஐந்தாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரே ஒரு அம்மா. கொஞ்சம் தள்ளி நின்று கும்பிட வேண்டியதுதானே, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று அவளுக்கு.

காரை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுக் கரையோடு நடந்தார்கள். எத்திராஜின் அப்பா காலத்திலிருந்து அவர்களுக்கு அந்த வழிதான். பாறையின் அந்த முனையிலிருந்து எத்திராஜ் ஒவ்வொரு அம்மாவாகக் கும்பிட்டுக்கொண்டே எண்ணினார். ஐந்தில் நின்றார். ஏழு பேருக்குமே முகம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. வருஷக்கணக்காக அப்பிய மஞ்சள் சுவர்ப்பூச்சு மாதிரி இறுகி, அதில் இரண்டு வெள்ளிக் கண்களைப் பதித்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே புடவை. எல்லா அம்மாவும் ஒரே அச்சு. எண்ணாமல் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியாயிற்று. பானையில் பால் பொங்கி வருகிற நேரத்தில் அந்தப் பக்கம், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கேட்டு வழியாக மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முன்னால் முரளிதரன், பள்ளிக்கூடத்தில் படித்த தெலுங்கில், ஒகட்டி, ரெண்டு, மூடு என்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டு. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஹேமநாத். அவன் அம்மா ஸ்ரீதேவி யாரையும் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை. கையில் பச்சைப் புடவையுடன், தன் வீட்டுச் சமையல்கட்டுக்குள் போகிறவள் மாதிரி நேராக நடந்துவந்தாள். வந்தவள் பொங்கல் பானைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் இடத்தில் அடுப்பு வைத்துவிட்டீர்களே சம்பந்தி என்றார் முரளிதரன். இது எங்கள் இடமாச்சே என்றார் எத்திராஜ். பேச்சுவாக்கில் எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று முரளிதரன் கேட்டுப் பக்கம் திரும்பிப்போய் எண்ணிக்கொண்டு வந்தார். மூன்று. எத்திராஜ் ஏரிப்பக்கம் போய் எண்ணிக்கொண்டு வந்தார். ஐந்து. இரண்டு பேரும் ஒரே அம்மாவின் முன்னால் முகத்துக்கு முகம் பார்த்து நின்றார்கள். ஏழில் இந்தப் பக்கமிருந்து ஐந்தாவது ஆள் அந்தப் பக்கமிருந்து மூன்றாவது ஆள் என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. அதைப் போட்டுப் பார்க்க இத்தனை நாளாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

"அப்போ பங்காளியா?" என்றாள் செங்கம்மா.

அந்த ஒரு வார்த்தைதான். ஹேமநாத் என்ன ஏதென்று கேட்க ஹரிதா பக்கம் இரண்டு அடி வைத்தான். அவள் தன்னை அறியாமல் இரண்டு அடி பின்னால் போனாள். போன பிறகுதான் ஏன் போனோம் என்று திகைத்தாள். நேற்று மதியம்வரை போனில் கொஞ்சிய ஆள். இந்தப் பாறையில் ஒரு விரல் இந்தப் பக்கமிருந்து எண்ணுவதா அந்தப் பக்கமிருந்து எண்ணுவதா என்பதில் அவன் புருஷனா அண்ணனா என்று மாறிவிடுமா? மாறும் என்று நினைத்தால் அருவருப்பாக இருந்தது. மாறாது என்று நினைத்தால், அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பெரியவர்கள் அதற்குள் வழக்காடத் தொடங்கிவிட்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது சரி? இரண்டு வீட்டு முன்னோர்களும் ஒரே பக்கமிருந்து எண்ணினவர்கள் என்றால் மூன்று வேறு, ஐந்து வேறு, கல்யாணம் தடையில்லை. ஆனால் யாரோ ஒருத்தர் இத்தனை காலம் தப்பான அம்மாவைக் கும்பிட்டிருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கமிருந்து எண்ணினார்கள் என்றால் இரண்டு பேரும் சரி, ஆனால் பங்காளி. கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் யாரோ ஒருத்தர் தப்பு. அது நான் இல்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

பூசாரி மாசிலாமணியைக் கூப்பிட்டார்கள். அவர் டீ கிளாசோடு வந்தார். ஏரிக்கரை வழிதானே பழைய வழி, அந்தக் கேட்டு அரசாங்கம் நேற்று வைத்ததுதானே என்று எத்திராஜ் ஆசையாகக் கேட்டார். கேட்டு புதுசுதான், ஆனால் பஸ் ஸ்டாண்டு வருவதற்கு முன்னால் அங்கே மாந்தோப்பு இருந்தது, தோப்புக்குள் ஒரு ஒத்தையடிப் பாதை இருந்தது, கிழக்கத்தி ஆட்கள் அதில் வருவார்கள் என்று சொல்லிவிட்டார் மாசிலாமணி. அப்படியானால் நீங்கள் எந்தப் பக்கமிருந்து எண்ணுவீர்கள் என்று முரளிதரன் கேட்டார். நான் எதற்கு எண்ண வேண்டும், எனக்கு ஏழு பேரும் ஒன்றுதான், எந்த அம்மாவுக்கு ஆள் வருகிறதோ அங்கேயிருந்து விளக்கேற்றிக்கொண்டு போவேன் என்றார். நன்றாகத் தெளிய வைத்தார் போங்கள். இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் அவர் டீ குடித்து முடிப்பதற்குள் போயிற்று.

ஹேமநாத் இடையில் புகுந்தான். இதற்கா இவ்வளவு கலாட்டா, நாங்கள் இன்றையிலிருந்து இரண்டு தள்ளிப் போய்க் கும்பிட்டுக்கொள்கிறோம், முடிந்தது என்றான். குலதெய்வமென்றால் பஸ்சில் சீட்டு மாறி உட்காருகிற மாதிரியா என்று அவன் அப்பாவே அவனை அடக்கினார். எத்திராஜ் கீழே குனிந்து, அம்மா காலடியில் வைத்திருந்த மஞ்சள் மூட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஹரிதா பையின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, இன்னா பண்றே?"

"தெரிஞ்சே பண்ண முடியாதும்மா. அண்ணன் தங்கச்சிக்கு கண்ணாலம் பண்ணி வெச்சான் எத்திராஜுன்னு நாளிக்கி சொல்லுவாங்கோ. உன் புள்ளைங்கள யாரு கட்டுவாங்கோ?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கத்தினால் சமாதானப்படுத்தலாம்.

அதுவரைக்கும் வாய் திறக்காமல் இருந்த ஸ்ரீதேவியிடம் முரளிதரன் திரும்பினார். ஒருவேளை நாம்தான் தப்போ என்று இழுத்தார். அவள் பச்சைப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இவனுக்கு டெங்கு வந்து திருப்பதி ஆஸ்பத்திரில போட்டிருந்தப்போ, இனி நம்ம கைல இல்லன்னுட்டாங்கோ. நீ அவன் பக்கத்துல உக்காந்துகினு, மூணாவது அம்மா, போய் கேட்டுட்டு வான்னு என்ன அனுப்சே. பஸ் புடிச்சி ஒண்டியா வந்தேன். எறங்கின எடத்துலருந்து எண்ணினேன். எந்தப் பக்கத்துலருந்துன்னு நீயும் சொல்லல, நானும் கேக்கல. இந்தக் கால கட்டிக்கினு அழுதேன். சாயந்தரமே புள்ள கண்ண தொறந்துச்சி. இப்போ வந்து இவ நம்ம ஆளு இல்லன்னா எப்பிடி?"

செங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹேமநாத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பிழைத்த கதையே அவன் கல்யாணத்துக்கு எதிராக வந்து நின்றது.

ஹரிதாவால் அங்கே நிற்க முடியவில்லை. கால் போன போக்கில் கேட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே ஒரு நீலப் பலகை, தெலுங்கிலும் இங்கிலீஷிலும். இந்த மாதிரிப் பலகையை யார் நின்று படிக்கிறார்கள்? அவள் வேறு போக்கிடம் இல்லாமல் படித்தாள். பழமையான பாறைச் சிற்பம், சேதப்படுத்தினால் தண்டனை, ஏழு தாய்மார்கள், இடமிருந்து வலமாக இன்னின்னார். பாறையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ஏரிக்கரை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தாள். மூன்றாவது, கையில் வேல். ஐந்தாவது, பன்றி முகம்.

மறுபடியும் படித்தாள். சச்சிவாலயத்தில் வேலை பார்க்கிறவள், தெலுங்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, தப்பாகப் படிக்க வழியில்லை. பன்றி முகம்.

அவளுக்கு நிலக்கடலைக் கொல்லை ஞாபகத்துக்கு வந்தது. வருஷா வருஷம் மலையிலிருந்து பன்றிக்கூட்டம் இறங்கி கொல்லையை உழுதுவிட்டுப் போகும். பக்கத்து நிலத்துக்காரர்கள் திருட்டுத்தனமாகக் கண்ணி வைப்பார்கள், கம்பி கட்டுவார்கள். எத்திராஜ் மட்டும் எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்துவார். அவை தின்றது போக மிச்சத்தைப் பிடுங்குவார். ஊரே கிண்டல் பண்ணும். ஏன் நைனா என்று இவள் ஒருதரம் சண்டை போட்டதற்கு, 'என் நைனா வெக்கல, நானும் வெக்கல, அப்பிடித்தான்' என்று முடித்துவிட்டார். அவருக்கே காரணம் தெரியாது. கறியை வீட்டு வாசல் ஏற்ற மாட்டார்கள் என்பதும் அப்படித்தான்.

அவள் திரும்பி ஓடிவந்தாள். மாசிலாமணியிடம், அம்மா முகத்தைக் கழுவலாமா என்று கேட்டாள். அந்த வகையறாப் பெண்பிள்ளை கழுவலாம், நான்தான் கழுவக் கூடாது என்றார் அவர். எந்த வகையறா என்பதுதானே பிரச்சினை என்று யாரோ முனகுவதற்குள் அவள் குடத்தைத் தூக்கிவிட்டாள். வெள்ளிக் கண்களைப் பெயர்த்து செங்கம்மா கையில் கொடுத்தாள். தண்ணீரை ஊற்றி ஊற்றி, நகத்தால் சுரண்டினாள். மஞ்சள் ஓடாக உடைந்து விழுந்தது. அடியில் இன்னொரு மஞ்சள், அதற்கடியில் எண்ணெய் பிசுக்கு, அதற்கும் அடியில் கல். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு இல்லை. முன்னால் நீண்டு, நுனி தட்டையாக, இரண்டு துளையோடு வந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு கோரைப்பல்.

எத்திராஜ் கிட்டே வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையைத் தூக்கினவர் தொடாமல் கீழே போட்டார்.

"டின்னு தட்டிக்கினே இருந்தேனே" என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹரிதா படபடவென்று சொன்னாள். நாங்கள் பன்றியைத் தொடாத வகையறா, ஏனென்று தெரியாமலே தொடாத வகையறா, எங்களுக்கு ஏரிப்பக்கமிருந்து ஐந்தாவது என்பது சரி. மாமா வீட்டில் அப்படியா? முரளிதரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருடைய அப்பா காட்டுப்பன்றிக்கு வலை கட்டுவதில் பேர்போன ஆள். சுற்றுப்பட்டு ஊரிலிருந்தெல்லாம் வந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்களாம். இந்த அம்மா பிள்ளையாக இருந்தால் அந்த மனுஷன் அந்த வேலையில் கையை வைத்திருப்பாரா? ஆக அவரும் ஏரிக்கரையோடுதான் வந்திருக்கிறார், அங்கிருந்துதான் எண்ணியிருக்கிறார். முரளிதரனுக்கு அப்பா சொல்லிவிட்டுப் போனது எண் மட்டும்தான், இடம் ஸ்ரீதேவி காட்டியது. மூன்றாவது என்றால் அதோ, வேல் பிடித்தவள்.

எத்திராஜ் பைக்குள்ளிருந்து மஞ்சள் மூட்டையை வெளியே எடுத்தார். செங்கம்மா குலவையிட்டாள். முரளிதரன் எத்திராஜைக் கட்டிக்கொண்டு, சரே சம்பந்தி, சரே சம்பந்தி என்று முதுகில் தட்டினார். ஹேமநாத் ஹரிதாவைப் பார்த்தான். இந்தத் தடவை அவள் பின்னால் போகவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள், மூக்கைத் துடைக்கப்போய் மஞ்சளை முகமெல்லாம் அப்பிக்கொண்டாள். ஆம்பிளைகள் புது உற்சாகத்தோடு விறகையும் கல்லையும் தூக்கிக்கொண்டு மூன்றாவது அம்மாவுக்கு அடுப்பு மூட்டப் போனார்கள். செங்கம்மா பால் வாங்கிவரக் கடைக்கு ஓடினாள்.

ஸ்ரீதேவி மட்டும் போகவில்லை.

ஹரிதா கல்லைத் துடைத்துவிட்டுப் புதிதாக மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிழல் விழவும் நிமிர்ந்தாள். ஸ்ரீதேவி தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையாலதான் அந்தக் கறியும் ஆக்கினேன். இந்தக் கையாலதான் இவளுக்கு மஞ்சளும் பூசினேன். ஒரு நாளாவது மொகம் சுளிச்சாளா? நான் உன் அம்மா இல்லடின்னு ஒரு வார்த்த சொன்னாளா? கேட்டேன், புள்ளய குடுத்தா." கையை மடக்கிக்கொண்டாள். "நான் இனி இவள தொடலாமா ஹரிதா?"

மாமியார் ஆகப்போகிறவள் தன்னிடம் அனுமதி கேட்கிறாள். ஹரிதா மஞ்சள் குழைப்பதை நிறுத்தினாள். நாயுடுபேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் ஸ்ரீதேவி. அங்கே அவள் பிறந்த வீட்டுக்கு ஒரு தெய்வம் இருந்திருக்கும். தாலி ஏறியதும் அதை விட்டுவிட்டு வந்திருப்பாள். ஊர் தெரியாமல், வழி தெரியாமல், பிள்ளை சாகக் கிடக்கும்போது பஸ்சிலிருந்து இறங்கித் தானாக ஒருத்தியைத் தேடிக்கொண்டாள். இப்போது அவளையும் விடு என்கிறார்கள். சொன்னது வேறு யாருமில்லை, நான்தான், என் கல்யாணத்துக்காகக் குடம் தண்ணீரை ஊற்றிச் சொன்னேன் என்று ஹரிதாவுக்கு உறைத்தது. மனசு வலித்தது. கூடவே காரில் அம்மா சொன்னது காதில் விழுந்தது. தாலி ஏறிட்டா அவ உனுக்கு இல்ல.

எதிரே கல்லில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவது அம்மாவை அவள் முகத்தோடு பார்ப்பது இதுதான் முதல்தரம். தூக்கின மூக்கும் சின்னக் கண்ணுமாக, யாருக்கும் பயப்படாத முகம். இப்போதுதான் பார்த்தாள், ஆவணியில் கல்யாணம் ஆனால் முடிந்துவிடும். கொஞ்சம் தள்ளி நின்று கும்பிடுவதற்கு என்ன என்று காலையில் நினைத்தவள் இவள்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"எனுக்கும் ஆவணி வரைக்கும்தான் அத்தே" என்றாள்.

ஸ்ரீதேவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தன் பிள்ளைக்குப் பார்த்த பெண்ணை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பது போலிருந்தது.

"இன்னிக்கி நான் இந்த வூட்டுப் பொண்ணு. நான் பூசறேன், உங்க பேர சொல்லி" என்று ஹரிதா மஞ்சளை எடுத்தாள். எடுத்தவள் என்ன தோன்றிற்றோ, ஸ்ரீதேவியின் கையை இழுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் சேர்ந்து அந்த நீண்ட மூக்கின்மேல், நெற்றியின்மேல், கன்னத்தின்மேல் மஞ்சளைத் தடவின. முகம் மெல்ல மெல்ல மறைந்து மற்ற ஆறு பேரின் முகம் மாதிரியே ஆனது. வெள்ளிக் கண்களை வைத்தார்கள். பச்சைப் புடவையைச் சுற்றிக் கட்டினார்கள். கட்டி முடிக்கும்போது ஸ்ரீதேவி விசும்பினாள், சத்தம் வராமல்.

அந்தப் பக்கமிருந்து முரளிதரன் கூப்பிட்டார். பால் வந்தாயிற்று, பொங்க வைக்க வீட்டுக்காரி வேண்டாமா என்று கத்தினார்.

ஸ்ரீதேவி எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருஷம் என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

ஹரிதா கேட்டுப் பக்கம் பார்த்தாள். ஏரிக்கரைப் பக்கம் பார்த்தாள். காலையிலிருந்து தலையைச் சுற்ற வைத்த குழப்பம் அப்படியே அங்கேதான் நின்றுகொண்டிருந்தது, யாரும் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

"அடுத்த வருசம் நாம ரெண்டு பேரும் பஸ்ல வருவோம் அத்தே" என்றாள் மெதுவாக. "பஸ் ஸ்டாண்டு கேட்டு வழியாதான் உள்ள வரணும், வேற வழி ஏது? அங்கருந்து மூணு எண்ணுவோம்."

ஸ்ரீதேவிக்குப் புரியச் சற்று நேரமானது. "உன் மாமா கேட்டா?"

"குழம்பிட்டோம்னு சொல்லிக்கலாம். அவுங்களே குழம்பினவங்கதான."

ஸ்ரீதேவியின் முகத்தில் அழுகை இருந்த இடத்திலேயே சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கறிய மட்டும் இனி நம்ம வூட்ல ஏத்தறதில்ல" என்றாள். "எனுக்கு ஒத்துக்கலன்னு சொல்லிக்கறேன்."

பிறகு ஏரிக்கரைப் பக்கம் பாறையின் முனைவரைக்கும் போனாள். புருஷன் காதில் நன்றாக விழும்படி, ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டு நடந்துவந்து, வேல் பிடித்தவள் முன்னால் நின்றாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். தலை மட்டும் கொஞ்சம் பச்சைப் புடவைக்காரி பக்கம் திரும்பியிருந்தது.